அலசி ஊற்றிய நீர்

“கதவைச் சாத்துடா! காத்து அடிச்சா செல்லு ஆடுது!”

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாள் ஊசியக்கா. இடது கை சுவரோரத்து ஸ்டாண்டில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்தது. வலது கை ஒரு கண்ணாடிக் குழாயின் திருகில் இருந்தது. அந்தக் குழாயின் நுனி தலைமுடியைவிட மெல்லியது. நுனிக்கு எதிரே, வட்டத்தட்டில், உயிருள்ள செல் ஒன்று பிடிகொடுக்காமல் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவன் வரைபடம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்தக் குப்பை எண்ணைக் கொடுத்தாலும் அரை மணியில் கண்ணுக்குக் குளிர்ச்சியான வரைபடமாக்கிக் கொடுத்துவிடுவான் என்பதால் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. முப்பது வயது, முன்னால் தள்ளிய தொப்பை, எப்போதும் பேன்ட் பாக்கெட்டில் வறுகடலை.

“என்னக்கா இது? இந்தப் பழைய குழாய் செட்டை இரும்புக்காரனுக்குப் போடச் சொல்லி ஆறு மாசம் ஆச்சு. சார் பாத்தா குதிப்பாரு.”

“குதிக்கட்டும். நீ முதல்ல கதவைச் சாத்து.”

சாத்தினான். உள்ளே நின்றபடிதான் சாத்தினான். வேடிக்கை பார்க்காமல் போகிற ஜாதியில்லை அவன்.

“எந்த நம்பரு?”

“நாப்பத்தொண்ணு.”

கடலை மெல்லுகிற சத்தம் நின்றது.

“நாப்பத்தொண்ணு போன தடவையே முடிஞ்சுபோச்சே அக்கா. கல்லு மாதிரி கெட்டி. நான்தானே வரைபடம் போட்டேன்? அவ்வளவு சுத்தமான வரைபடம் என் வாழ்க்கையிலேயே போட்டதில்ல.”

“அதனாலதான் மறுபடியும் அளக்கறேன். வாயை மூடிக்கிட்டு நில்லு. இல்லாட்டி வெளியில போ.”

சுவர்க் கடிகாரம் பத்து மணி ஐந்து நிமிடம் காட்டியது. நாற்பத்தொன்றாம் நோயாளியின் நெஞ்சுநீர் வந்து சேர்ந்தது ஒன்பதரைக்கு. அதை எடுத்தது ஒன்பதுக்கு. உடம்பை விட்டு வெளியே வந்த செல் மூன்று மணி நேரம்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும். அப்புறம் சிலது விறைக்கும், சிலது உப்பும், அளந்தால் பொய் சொல்லும். பதினொன்றரைக்குள் நெஞ்சு டாக்டருக்குப் பதில் போயாக வேண்டும்.

அந்தப் பதிலில்தான் ஓர் ஆளின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. நீரை எடுத்த கையோடு டாக்டர் போனில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“ஊசியம்மா, உங்க நாப்பத்தொண்ணு திரும்பி வந்திருக்காரு. நுரையீரலைச் சுத்தி மறுபடியும் நீர் கோத்திருக்கு. சாயம் போட்டுப் பாக்கறவங்க இந்தத் தடவையும் ‘சந்தேகம்’னுதான் எழுதுவாங்க, பூரா ரத்தமா வருது. மருந்து ஏத்தலாம்னா ஆளு ஒத்துக்க மாட்டேங்கறாரு. போன தடவை மெஷின் கெட்டின்னு சொல்லுச்சே, புத்து இல்லன்னுதானே அர்த்தம், இந்தத் தடவையும் மெஷின் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்னு அடம்.”

“மெஷினையா நம்பறாரு அவரு, டாக்டர்? அது இன்னும் சோதனையில இருக்கற சாமான்.”

“நானும் தலைகீழா நின்னு சொல்லிப் பாத்துட்டேன். ஒன்பது வாரம் வீணாப்போச்சு. இன்னும் ஒரு வாரம் போனா அப்புறம் ஏத்தறதுக்கு மருந்தும் இருக்காது, உடம்பும் இருக்காது. நீங்க சொல்றதுதான் இன்னிக்கு முடிவு.”

“யாரு டாக்டர் அவரு?”

“பேரு சொல்லக் கூடாது. அந்த விதி உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அறுபது நோயாளிகள், அறுபது எண்கள். பெயர்ப் பட்டியல் டாக்டரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அளக்கிறவளுக்கு ஆள் தெரியக் கூடாது, தெரிந்தால் கை சாயும் என்பதற்காக வைத்த விதி.

ஆனால் ஊசியக்கா இந்த ஒன்பது வாரத்தில் நாற்பத்தொன்றுக்குத் தானாகவே ஒரு முகம் வைத்துவிட்டாள். வயசானவர். எங்கேயோ மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். மெஷின் என்றால் பொய் சொல்லாது என்று நினைக்கிற தலைமுறை. பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே ‘எனக்கு ஒண்ணுமில்லம்மா’ என்கிறவர். அந்த முகம் அவள் சமையல் செய்யும்போது வந்தது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வந்தது.

ஏன் வந்தது என்பதற்குக் காரணம் இருந்தது. அதை அவள் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

“மாட்டிக்கிச்சு!” என்றாள்.

செல் குழாயின் நுனியில் வந்து ஒட்டி நின்றது, குழந்தையின் உதட்டில் ஒட்டிய பலூன் மாதிரி. குழாயின் மறுகோடி அந்தத் தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்திருந்தது. பாட்டிலைக் கீழே இறக்கினால் குழாய் உறிஞ்சும். எத்தனை சென்டிமீட்டர் இறக்குகிறோமோ அத்தனை வேகமாக உறிஞ்சும். இவ்வளவுதான் மொத்தக் கருவியும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். சைக்கிள் கடைக்காரன்கூட ரிப்பேர் செய்துவிடுவான்.

நல்ல செல் லேசில் உள்ளே போகாது. அதற்கு எலும்பு கிடையாதுதான். ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாரம் கட்டி நிற்கும். பத்து சென்டிமீட்டர் இறக்கினாலும் முனையைக் கொஞ்சம் நீட்டிவிட்டு அப்படியே முறைத்துக்கொண்டிருக்கும். கெட்டுப்போன செல்லுக்குச் சாரம் தளர்ந்துவிடும். பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பி, இண்டு இடுக்கில் நுழைந்து, உடம்பெல்லாம் குடியேற வேண்டுமே, அதற்குத் தோதாக இளகிப்போய்விடும்.

பாட்டிலை இறக்கினாள். ஒன்று. இரண்டு. செல் ஒரு நாக்கை நீட்டியது. மூன்றாவது சென்டிமீட்டரில் நாக்கு நீண்டது, நீண்டுகொண்டே போனது, நிற்கவில்லை. உடம்பு ஒரு நெளி நெளிந்தது. மொத்தச் செல்லும் குழாய்க்குள் வழுக்கி ஓடிவிட்டது.

அடுத்த செல்லைத் தேடித் தட்டை நகர்த்தினாள்.

“வரைபடம், பேப்பரை எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. முதல் செல், மூணு சென்டிமீட்டர், முழுசும் உள்ள.”

“அக்கா, சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“எழுதுடா!”

எழுதினான். எழுதிக்கொண்டிருந்தவன் நாலாவது செல் முடிந்ததும் காலிக் கடலைப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான். குப்பைக்கூடை அறைக்குள்ளேயே, அவன் காலடியில்தான் இருந்தது. ஊசியக்கா பல்லைக் கடித்தாள். கோள் சொல்லப் போகிறான். போகட்டும்.

கோள் சொல்லுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்றால், அது மூணு அலசல் கதை.

பேராசிரியர் கண்டுபிடித்தது ஊசி மெஷின். தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்லை, நுண்ணிய ஊசி ஒன்று மேலிருந்து வந்து அமுக்கிப் பார்க்கும். எவ்வளவு அமுங்குகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அருமையான மெஷின், அதை அவளே ஒத்துக்கொள்வாள். பதினோரு வருஷம் அதை ஓட்டித்தான் அவளுக்கு இந்தப் பேரே வந்தது. அதற்கு ஒரே ஒரு குறை. தட்டில் ஒட்டாமல் லொடலொடவென்று கிடக்கிற செல்லை அமுக்கப் போனால் அது நழுவி ஓடும். ஊசி சறுக்கும். வரைபடம் ஆடும்.

ஆரம்பத்தில் தட்டை ஒரு முறைதான் அலசுவாள். ரத்தச் செல்லும் அழுக்கும் போனால் போதும். சோதனையில் இருபத்தைந்தாம் நம்பர் வந்தபோது வரைபடம் ரொம்ப ஆடியது. வெளியிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் இருவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். மறுநாள் காலை பேராசிரியர் அத்தனை பேரையும் கூட்டி வைத்து உத்தரவு போட்டார்.

“இனிமே ஒவ்வொரு தட்டுக்கும் மூணு அலசு. நல்லா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதை மட்டும் அளந்தா போதும்.”

ஊசியக்கா கையைத் தூக்கினாள். “சார், அலசினா லூசா இருக்கறது எல்லாம் தண்ணியோட போயிடுமே. போறதுலதான் விஷயம் இருக்கும். கெட்டுப்போன செல்லுதான் சரியா ஒட்டாது.”

பேராசிரியர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீ அமுக்கு. யோசிக்கறதை நான் பாத்துக்கறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வரைபடம் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான்.

அதே மாதம் மெஷினைப் பற்றிய கட்டுரை அச்சாகி வந்தது. பதினோரு வருஷம் அமுக்கியவளின் பெயர் மேலே எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்த்துக் கொடுத்தவருக்கும் இன்னும் சிலருக்கும் நன்றி சொன்ன வரியில் இருந்தது. அதிலும் ஓர் எழுத்து தப்பு.

அன்றிலிருந்து ஊசியக்கா மூணு அலசு அலசினாள். இரண்டரை இல்லை, மூன்றேகால் இல்லை. மூணு. சொன்னது சொன்னபடி. கேள்வி கேட்பதை விட்டாள். ‘சரி சார்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை மறந்துபோனவள் மாதிரி நடந்துகொண்டாள். அதில் ஒரு குரூரமான சுகம்கூட இருந்தது.

கதவு திறந்தது.

பேராசிரியர்.

எட்டு மணிக்கே வந்து வருகைப் பதிவேட்டுக்குக் காவல் நிற்கிறவர். இன்றைக்குப் பத்து இருபதுக்கு வருகிறார். எங்கேயாவது கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டின் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது. போன மாதம் முழுக்க, எடை குறைக்கிறேன், காலையில் ஓடுகிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கோபத்தை மென்று விழுங்குகிறவரைப் போலிருந்தது.

பின்னால் வரைபடத்தின் பாதித் தலை தெரிந்தது.

“நீ போ” என்றார் அவனிடம். கதவைத் தானே சாத்தினார். “என்ன பண்ற?”

“நாப்பத்தொண்ணை அளக்கறேன் சார்.”

“எதுல?”

“குழாயில.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்கல. மருந்து ஏத்தறதா வேண்டாமான்னு டாக்டருக்கு உடனே தெரியணும். ஊசி மெஷின்ல மூணு அலசு போட்டா மறுபடியும் கெட்டின்னுதான் வரும்.”

“கெட்டியா இருக்கறது கெட்டின்னு வந்தா உனக்கென்ன கஷ்டம்? ஒன்பது வாரத்துக்கு முன்னாடி நீயேதானே அளந்த? நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். கல்லு மாதிரி இருக்கு சார்னு நீயேதானே சொன்ன?”

சொன்னாள். அந்த நாள் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. வழக்கமாக அறைப் பக்கமே வராதவர் அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘எப்படி இருக்கு, எப்படி இருக்கு’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். கெட்டி என்றதும் சிரித்தார். வெளியே போய், தானே இரண்டு கோப்பை டீ வாங்கிவந்து ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். பதினோரு வருஷத்தில் முதல் டீ. ஆடாத ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. டீயைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

“சொன்னேன் சார். ஒட்டிக்கிட்டிருந்ததை அளந்தேன், சொன்னேன்.”

“அப்ப இன்னிக்கும் அதே மாதிரி அளந்து குடு. முறையை மாத்தாதே. அறுபது ஆளுக்கும் ஒரே முறை. ஒருத்தருக்கு மட்டும் வேற மாதிரி அளந்தா மொத்தச் சோதனையும் நாசமாப் போயிடும்.”

“சார், சோதனை கிடக்கட்டும். இது ஒரு உசிரு.”

“உசிருன்னு எனக்குத் தெரியாதா?”

குரல் உடைந்து வெளியே வந்தது. ஊசியக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளைப் படிப்பதுபோல நின்றார். தனக்கு எதிர்ப்பேச்சு பேசிவிட்டாளே என்ற ஆத்திரம் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கும் ஏறியது.

“தெரிஞ்சா வந்து பாருங்க. நான் யோசிக்க வேண்டாம் சார். நீங்களே பாருங்க, நீங்களே யோசிங்க. நான் பாட்டிலை மட்டும் இறக்கறேன்.”

எழுந்து ஸ்டூலை விட்டுக்கொடுத்தாள். அவர் ஸ்டூலை வேண்டாமென்று தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகைச் சாய்க்காமல் நுனியில் உட்கார்ந்தார். என்ன விறைப்பு, என்ன விறைப்பு! கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தார்.

அவள் கை நீட்டித் திருகைத் திருப்பி, மைக்ராஸ்கோப்போடு இணைத்த பக்கத்துத் திரையைப் பார்த்தபடி ஒரு செல்லைப் பிடித்துக் கொடுத்தாள். பாட்டிலை இறக்கினாள்.

“ஒண்ணு.”

இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கினாள்.

“ரெண்டு.”

“நாக்கு வருது” என்றார்.

“மூணு.”

செல் நெளிந்தது. ஓடியது.

“போயிடுச்சு” என்றார். ரொம்ப மெதுவாக.

“இது ஆறாவது சார். நாலாவதும் அஞ்சாவதும் இதே மாதிரிதான்.”

“இன்னொண்ணு பிடி.”

பிடித்தாள். அது எட்டு சென்டிமீட்டர் இறக்கியும் அசையாமல் நின்றது. பேராசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“பாத்தியா! கெட்டி! சொன்னேன்ல?”

“நல்ல செல்லும் கொஞ்சம் இருக்கத்தானே சார் செய்யும்? எல்லாருக்கும் இருக்கும்.”

“இன்னொண்ணு பிடி.”

அடுத்தது ஓடியது. அதற்கடுத்ததும் ஓடியது. ஒவ்வொன்றுக்கும் ‘இன்னொண்ணு’ என்றார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ‘அப்புறம்’ என்று இரைந்தார். மணி பத்து ஐம்பத்தைந்து ஆயிற்று. வெப்பத்தட்டு முப்பத்தேழு டிகிரியில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. தோற்கப் போகிற ஆட்டத்தில் கடைசிச் சீட்டுவரை உட்கார்ந்திருப்பவரைப் போல அவர் எழுந்திருக்கவே இல்லை. எப்படியாவது நாலைந்து கெட்டிச் செல் கிடைத்துவிட்டால் தன் மெஷினின் மானம் தப்பும் என்று பார்க்கிறார், பார்க்கட்டும். ஊசியக்கா பிடித்துக் கொடுத்தாள், எழுதினாள், பிடித்துக் கொடுத்தாள்.

இருபதாவது முடிந்தது.

“எத்தனை?”

“இருபதுல பதினேழு இளகல் சார். மூணுதான் கெட்டி.”

பேராசிரியர் கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இது… இந்த ஒன்பது வாரத்துல வந்ததா இருக்குமோ? அன்னிக்கு இல்லாம இருந்திருக்கும். இருக்கலாம்ல?”

அவருக்கு ஒரு வழி தேவைப்படுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினால் போதும். ‘ஆமா சார், புதுசா வந்திருக்கும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மெஷின் தப்பும், மூணு அலசல் தப்பும், அவளும் தப்பிவிடுவாள். ஒன்பது வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நூல் கட்டிய கண்ணாடிக்காரர் எழுந்து போய்விடுவார்.

அப்படித் தப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அவரைத் தப்பவிடுவதற்கும் மனசு வரவில்லை. இரண்டில் எது பெரிசு என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

“அன்னிக்கே இருந்துது சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தேன்.”

“என்னத்தைப் பாத்த?”

“அலசின தண்ணியை. முதல் அலசுலேயே கலங்கலா வந்துது. வழக்கமா அப்படி வராது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தேன். பெருசு பெருசா, கொத்துக் கொத்தா மிதந்துது. ஒட்டவே ஒட்டாத ஜாதி. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. நீங்க அப்ப கை கழுவப் போயிருந்தீங்க.”

“அப்புறம்?”

“ரெண்டாவது அலசு போட்டேன். மூணாவது அலசு போட்டேன். எல்லாத்தையும் தொட்டியில ஊத்திட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். நீங்க வந்தீங்க. ஒட்டியிருந்ததை அமுக்கிக் காட்டினேன். கல்லு மாதிரி இருக்கு சார்னு சொன்னேன்.”

பேராசிரியர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

இந்தக் கேள்விக்காக அவள் பதிலை ஒன்பது வாரமாகத் தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது, குளிக்கும்போது. இப்போது எடுத்து வீசினாள்.

“நான் அமுக்கறவதானே சார்? யோசிக்கறதை நீங்க பாத்துக்கறேன்னீங்க. பாத்துப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

பட்டது. பட்டது நன்றாகவே தெரிந்தது. அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றது. திட்டுவார், மேஜையைத் தட்டுவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று காத்திருந்தாள். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

அவர் கேட்டது வேறு.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார்.

“அவர் என்ன சொன்னாரு?”

“தெரிஞ்சுதான் ஊத்தினியான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“சாப்பாடு எடுத்து வெச்சேன்.”

பேராசிரியர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. பாதியில் அது இருமலாக மாறப் பார்த்தது. வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டார்.

“நான் சொன்னதை நீ அப்படியே செஞ்சிருக்க.”

“ஆமா சார். ஒரு சொட்டுகூட மாத்தல.”

“அந்த ஆளு மேல உனக்கு என்ன கோவம்?”

அவள் தீட்டி வைத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை.

“அவர் மேல என்ன கோவம் சார்? அவர் யாரோ, எவரோ. சாயம் போட்டுப் பாக்கறவங்க எப்படியும் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நினைச்சேன். நம்ம மெஷின் பேச்சைக் கேட்டு எவனாவது வைத்தியத்தைத் தள்ளிப்போடுவான்னு கனவா கண்டேன்? அப்படி ஒரு ஏமாளி இருப்பான்னு யாருக்குத் தெரியும்?”

“இருந்திருக்கான்” என்றார் பேராசிரியர்.

தட்டைப் பார்த்தார். தட்டில் அலசாத நீர். அதில் ஆயிரக்கணக்கில் மிதந்துகொண்டிருந்தன, வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல்.

“டாக்டருக்கு அறிக்கை எழுது. இருபதுல பதினேழுன்னு எழுது. குழாயில அளந்ததுன்னு எழுது. மூணு அலசுல தப்பு இருக்குன்னும் எழுதிடு. கையெழுத்து நீ போடு.”

“நீங்க போட வேண்டாமா சார்? உங்க பேரு இல்லாம இங்கிருந்து ஒரு சீட்டுகூட வெளியில போனதில்லையே.”

“இதுல என் பேரு வரக் கூடாது. நீ மட்டும் போடு.”

பதினோரு வருஷமாக எதிர்பார்த்தது. தன் பெயர், தனியாக, மேலே, ஒருத்தர் பெயருக்கும் பின்னால் நிற்காமல். எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் பேப்பரைக் கிழித்தது. தன் பெயரில் ஓர் எழுத்தை அவளே தப்பாகப் போட்டு, அடித்து, மேலே திருத்தினாள். தவறு வெளியே வரும்போது மட்டும் இந்த மனுஷனுக்குப் பெயர் வேண்டாம் என்று மனசுக்குள் காறித் துப்பினாள்.

மணி பதினொன்று பதினைந்து. மேஜை போனை எடுத்து நெஞ்சு டாக்டரை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“டாக்டர், நாப்பத்தொண்ணு. இருபதுல பதினேழு இளகல். அலசாம, குழாயில பிடிச்சு அளந்தேன். சந்தேகமே இல்ல.”

எதிர்முனையில் ஒரு நீண்ட மூச்சு.

“நினைச்சேன். சரி. இன்னிக்கே சேத்துடறேன். போன தடவையே இது தெரிஞ்சிருந்தா…” டாக்டர் நிறுத்திக்கொண்டார். “அப்ப ஒரு பக்கம்தான் இருந்துச்சு. இப்ப ரெண்டு பக்கமும். விடுங்க, பேசி என்ன ஆகப் போவுது?”

ஊசியக்கா போனை இறுகப் பிடித்தாள். ஆனாலும் கேட்டுவிட வேண்டும். ஒன்பது வாரமாக முகம் மட்டும் வைத்துப் பழகிய மனிதர். ஒருமுறையாவது நேரில் நின்று, என்னால்தான் என்று சொல்லிவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

“டாக்டர், விதி கிதியெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அவர்கிட்ட நானே வந்து சொல்லட்டுமா? போன தடவை நடந்ததுல என் தப்பும் இருக்கு. அவர் எந்த வார்டுல இருக்காரு?”

“எந்த வார்டுலயும் இல்லம்மா. காலையில முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தோம். மத்தியானம் வரைக்கும் படுத்திருங்கன்னு கெஞ்சினேன். எங்க கேட்டாரு? என் கண்ணாலயே பாக்கணும்னு சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. இனிமே உங்ககிட்ட மறைச்சு என்ன? போனை அவர்கிட்ட குடுங்க, நான் பேசறேன்.”

“யார்கிட்ட டாக்டர்?”

“உங்க சார்கிட்டதாம்மா.”

ஊசியக்கா திரும்பினாள்.

நாற்காலி நுனியில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தபடி, போனுக்காக அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.